பழைய போன் மக்கர் செய்கிறதா? ரீசெட், பேட்டரி, செகண்ட் ஹேண்ட், புதுசு: எதற்கு எப்போது காசு கொடுக்கலாம்

கொஞ்ச நாளாக வாசகர்களிடமிருந்து ஒரே மாதிரிக் கேள்வி வந்துகொண்டிருக்கிறது. போன் வாங்கி ஐந்து வருஷம் ஆகிவிட்டது. சார்ஜ் நிற்கவில்லை, சூடாகிறது, வாட்ஸ்அப்பைத் தொட்டால் திறக்க நேரம் எடுக்கிறது. கடைக்காரர் பேட்டரியை மாற்றச் சொல்கிறார், வீட்டுப் பையன் ரீசெட் (எல்லாவற்றையும் அழித்துப் போனை வாங்கிய நாள் நிலைக்குக் கொண்டுபோவது) அடிக்கச் சொல்கிறான், இன்னொருவர் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் புதுசு எடுக்கச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

என் வீட்டிலேயே போன மாதம் இதே பேச்சு ஓடியது. கும்பகோணத்தில் இருக்கும் அம்மாவின் போன் 2020-இல் வாங்கியது. 3 ஜிபி ரேம், 32 ஜிபி ஸ்டோரேஜ், ஆண்ட்ராய்டு 10. மத்தியானம் 40 சதவீதம் காட்டும், பேசிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடும். தம்பி புதுப் போன் ஆர்டர் போடவே தயாராகிவிட்டான். அம்மாவோ, "இது எனக்குக் கை பழகிப்போச்சுடா, வேற வேண்டாம்" என்றார். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் போனுக்கு என்ன கோளாறு என்பதை அதுவரை யாரும் பார்க்கவே இல்லை.

பழைய போனில் காசு வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கோளாறு ஓரிடத்தில் இருக்கும், செலவு வேறிடத்தில் போய் விழும். அதனால் வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் எதை வைத்து ஒப்பிடுவது என்று தீர்மானித்துக்கொள்வோம். அப்புறம் ஒரு மணி நேரச் சோதனை. அதற்குப் பிறகு விலை பேசலாம்.

## எதை வைத்து எடை போடுவது

கோளாறு எங்கே இருக்கிறது. பேட்டரியா, சார்ஜிங் பின்னா (கேபிள் செருகும் இடம்), நிறைந்துபோன ஸ்டோரேஜா, சாஃப்ட்வேரா, போர்டா (எல்லாப் பாகங்களையும் இணைக்கும் உள்தட்டு). முதல் மூன்றும் சின்னச் செலவு. போர்டு என்றால் கதையே வேறு.

அந்தப் போன் என்ன வேலை செய்கிறது. பேச, வாட்ஸ்அப் பார்க்க, யூடியூபில் பிரசங்கம் கேட்க என்றால் ஒரு கணக்கு. யுபிஐ, பேங்க் ஆப், ஓடிபி எல்லாம் அதில்தான் என்றால் வேறு கணக்கு.

சாஃப்ட்வேருக்கு இன்னும் எவ்வளவு ஆயுள். செட்டிங்ஸில் 'போனைப் பற்றி' பகுதிக்குப் போய் ஆண்ட்ராய்டு வெர்ஷனையும், பாதுகாப்பு அப்டேட் கடைசியாக எந்த மாதம் வந்தது என்பதையும் பாருங்கள். ஆப்கள் பழைய வெர்ஷன்களை ஒவ்வொன்றாகக் கைவிட்டு வருகின்றன. 2025 ஜனவரியிலிருந்து ஆண்ட்ராய்டு 4.4-இல் வாட்ஸ்அப் ஓடுவதில்லை. அதே ஆண்டு மே மாதம் ஐஓஎஸ் 15.1-க்குக் கீழே இருந்த ஐபோன்களும் போயின. ஐபோன் 5எஸ், 6, 6 பிளஸ் மூன்றும் அதில் அடக்கம். ஆண்ட்ராய்டு 8, 9 இரண்டுக்கும் குரோமின் 138-ஆம் வெர்ஷன்தான் கடைசி. இந்தக் கோட்டுக்குக் கீழே போய்விட்ட போனுக்கு எவ்வளவு நல்ல பேட்டரி போட்டாலும் பயன் குறைவு.

மாதக் கணக்கு. மொத்தச் செலவை, அதனால் போன் இன்னும் எத்தனை மாதம் ஓடும் என்பதால் வகுத்துப் பாருங்கள். 1,100 ரூபாய்க்கு பேட்டரி மாற்றி 18 மாதம் ஓடினால் மாதம் சுமார் 61 ரூபாய். 13,500 ரூபாய்ப் போன் 36 மாதம் ஓடினால் மாதம் 375 ரூபாய். இப்படிப் போட்டுப் பார்த்தால் பல குழப்பம் தானாகத் தெளியும்.

உள்ளே இருப்பது. பேரக்குழந்தையின் முதல் வீடியோ, இறந்துபோனவரின் வாய்ஸ் மெசேஜ் இதற்கெல்லாம் விலை கிடையாது. எந்த வழியில் போனாலும் டேட்டாவுக்கு ஆபத்து உண்டா, போன் எத்தனை நாள் கையில் இருக்காது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

## முதலில் ஒரு மணி நேரம்: என்ன கோளாறு என்று பாருங்கள்

### சார்ஜ் ஏறவில்லையா

பேட்டரியைச் சந்தேகப்படும் முன் கேபிளையும் சார்ஜரையும் மாற்றிப் பாருங்கள். அடுத்தது சார்ஜிங் பின். சித்தப்பாவின் போனில் கேபிள் செருகினால் நிற்காது, ஒரு பக்கமாக வளைத்துப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறும். "பின்னு போயிருச்சு, 450 ரூபா ஆகும்" என்று ஒரு கடையில் சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது போனை அணைத்து, டார்ச் அடித்து ஓட்டைக்குள் பார்த்தேன். அடியில் மெத்தை போல ஏதோ படிந்திருந்தது. மரப் பல்குச்சியின் முனையைச் சீவி மெல்லியதாக்கி, ஓரத்திலிருந்து நெம்பி எடுத்தேன். சட்டைப் பை நூலும் விபூதியும் சேர்ந்து இறுகிய ஒரு வெள்ளைக் கட்டி, அரிசியில் பாதி அளவுக்கு வெளியே வந்தது. கேபிளைச் செருகியதும் 'டிக்' என்று உட்கார்ந்தது. சட்டைப் பையில் விபூதிப் பொட்டலத்தோடு போனையும் வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு.

ஊசி, ஹேர்பின் போன்ற உலோகம் எதையும் உள்ளே விடாதீர்கள். டைப்-சி என்றால் நடுவில் இருக்கும் மெல்லிய நாக்கு வளைந்துவிடும், அப்போது நிஜமாகவே பின் மாற்ற வேண்டி வரும்.

### சார்ஜ் நிற்கவில்லையா

30, 40 சதவீதத்தில் திடீரென்று அணைகிறது, சார்ஜரில் போட்ட உடனே மறுபடி 25 சதவீதம் காட்டுகிறது என்றால் அநேகமாகப் பேட்டரிதான். வயதான லித்தியம் பேட்டரியில் உள்தடை ஏறிவிடும். கேமரா திறப்பது, வீடியோ கால் போவது மாதிரி ஒரே சமயத்தில் நிறைய மின்சாரம் கேட்கும்போது வோல்டேஜ் சட்டென்று சரியும். போன் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும்.

ஐபோனில் பேட்டரி ஹெல்த் நேராகவே தெரியும். 80 சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஐபோன் 14 வரையிலான மாடல்களின் பேட்டரி 500 முழுச் சார்ஜுக்குப் பிறகு 80 சதவீதம் தாங்கும்படியும், 15-இலிருந்து 1,000 சார்ஜ் வரை தாங்கும்படியும் செய்யப்பட்டவை என்கிறது ஆப்பிள். சாம்சங்கில் சாம்சங் மெம்பர்ஸ் ஆப்பில் சோதனை உண்டு. மற்ற ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் இப்படிப் பார்க்க வழி இல்லை, நடத்தையை வைத்துத்தான் கணிக்க வேண்டும்.

போனைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பக்கவாட்டிலும் ஒரு முறை பாருங்கள். ஸ்கிரீனுக்கும் ஃபிரேமுக்கும் நடுவே நகம் நுழையும் இடைவெளி தெரிந்தாலோ, பின்மூடி புடைத்திருந்தாலோ பேட்டரி உப்பிவிட்டது. அதற்கு மேல் ஒப்பீடு எதுவும் வேண்டாம். சார்ஜில் போடாமல், அழுத்தாமல், குத்தாமல் அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோங்கள்.

### மெதுவாக இருக்கிறதா

ஸ்டோரேஜ் எவ்வளவு காலி என்று பாருங்கள். ஃபிளாஷ் மெமரியில் எழுதப்பட்ட இடத்தின் மேலேயே புதிதாக எழுத முடியாது, முதலில் அதை அழிக்க வேண்டும். காலி இடம் குறையக் குறைய இந்த அழிக்கும் வேலை அதிகமாகி எல்லாமே இழுக்கும். விலை குறைந்த பழைய போன்களில் இருக்கும் இஎம்எம்சி வகை மெமரியில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். பத்துக்கு ஒரு பங்காவது காலியாக வைத்திருங்கள்.

நம் வீடுகளில் இடத்தை அடைப்பது பெரும்பாலும் வாட்ஸ்அப். அதன் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போனால் 5 எம்பிக்கு மேற்பட்டவை, பலமுறை ஃபார்வர்டு ஆனவை என்று தனித்தனியாகப் பிரித்தே வைத்திருக்கும். அம்மாவின் போனில் காலை வணக்கமும் கோயில் வீடியோவும் மட்டும் 9 ஜிபி. இன்னாருடையதை அழிக்கலாம், இன்னாருடையது வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து அவரே சொல்லச் சொல்ல அழித்தேன். பெரியவர்கள் போனில் கேட்காமல் எதையும் அழிக்காதீர்கள்.

அப்புறம் சேஃப் மோட். பவர் பட்டனை அழுத்தி, திரையில் 'பவர் ஆஃப்' வந்ததும் அதன் மேலேயே விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்கள் சேஃப் மோடுக்குப் போகும். அதில் நாம் போட்ட ஆப் எதுவும் ஓடாது. அப்போது போன் சுறுசுறுப்பாகவும் சூடில்லாமலும் இருந்தால் குற்றவாளி ஏதோ ஓர் ஆப். பேட்டரி சேவர், கிளீனர் என்று வந்து உட்கார்ந்திருக்கும் விளம்பர ஆப்களை முதலில் நீக்குங்கள்.

### திடீரென்று ஒன்று மட்டும் வேலை செய்யவில்லையா

நேற்று வரை ஓடிய ஆப் இன்று திறந்ததும் மூடிக்கொள்கிறது என்றால் அதைப் போனின் வயது என்று நினைக்க வேண்டாம். 2021 மார்ச்சில், ஆப்களுக்குள் இணையப் பக்கங்களைக் காட்டும் ஆண்ட்ராய்டு வெப்வியூ என்ற பாகத்துக்கு வந்த ஒரு தவறான அப்டேட்டால் ஜிமெயில் உட்படப் பல ஆப்கள், புதுப் போன்களில்கூட, நின்று நின்று போயின. கூகுள் சரிசெய்து அனுப்பிய அப்டேட்டில் அது தீர்ந்தது. பிளே ஸ்டோரில் குரோமையும் வெப்வியூவையும் அப்டேட் செய்து பார்த்துவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

இணையதளங்கள் 'பாதுகாப்பற்றது' என்று மிரட்டினால் தேதி, நேரம் சரியா என்று பாருங்கள். பேட்டரி முழுதாக இறங்கி எழுந்த பழைய போனில் தேதி எங்கோ போய் நிற்கும், அது ஒன்று போதும்.

சிக்னல் வரவில்லை என்றால் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டுப் பாருங்கள். ஜியோ 2016-இல் வந்தபோதே 4ஜி மட்டும்தான், ஏர்டெல் 2020-இல் 3ஜியை நிறுத்திவிட்டது. 4ஜியும் வோல்ட்டியும் (4ஜி வழியாகவே கால் பேசும் வசதி) இல்லாத போனில் ஜியோ சிம்மைப் போட்டுச் சாதாரணக் கால் பேச முடியாது. இதை எந்தக் கடையாலும் சரி செய்ய முடியாது.

## வழி 1: சுத்தம் செய்து ரீசெட் அடிப்பது

காசு செலவில்லை என்பதால் எல்லோரும் முதலில் கை வைப்பது இதில்தான். நிறைய விளம்பர ஆப் புகுந்த போன், பெரிய அப்டேட்டுக்குப் பிறகு தடுமாறும் போன், கை மாறப்போகும் போன் இந்த மூன்றுக்கும் ரீசெட் நல்ல மருந்து.

ஆனால் மறைவான செலவு இதில்தான் அதிகம்.

ஃபேக்டரி ரீசெட் பாதுகாப்பு ஆண்ட்ராய்டு 5.1-இலிருந்து இருக்கிறது. ரெக்கவரி (போனை அணைத்து, பட்டன்களை அழுத்தித் திறக்கும் மெனு) வழியாக ரீசெட் அடித்தால், அதற்கு முன் போனில் இருந்த கூகுள் அக்கவுண்டின் பாஸ்வேர்டைக் கேட்கும். அப்பாவுக்குப் போன் வாங்கியபோது கடைப் பையன் உருவாக்கிக் கொடுத்த அக்கவுண்ட் என்றால் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த போன் பூட்டிய பெட்டியாகிவிடும். ரீசெட்டுக்கு முந்தைய நாளே வேறொரு போனில் அந்த அக்கவுண்டில் நுழைய முடிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

யுபிஐ ஆப்களை மறுபடி பதிவு செய்ய வேண்டும். அப்போது போனிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் தானாகப் போகும். ரீசார்ஜ் முடிந்துபோன சிம்மில் அது போகாது. பாஸ்வேர்டுக்கு மேல் ஆறு இலக்க எண் கேட்கும் ஆத்தென்டிகேட்டர் ஆப் வைத்திருப்பவர்கள், அதன் கணக்குகளை முதலில் வேறிடத்துக்கு மாற்றிவிடுங்கள். வாட்ஸ்அப்புக்கு அதற்குள்ளேயே தனியாக பேக்கப் எடுக்க வேண்டும். அது கூகுள் அக்கவுண்டின் இலவச 15 ஜிபிக்குள் அடங்க வேண்டும், போட்டோக்களும் ஜிமெயிலும் ஏற்கெனவே அதை நிரப்பியிருந்தால் பேக்கப் பாதியில் நிற்கும்.

பலன் எவ்வளவு நாள்? 2, 3 ஜிபி ரேம் போனில் முதல் சில வாரம் நன்றாக இருக்கும். எல்லா ஆப்பும் திரும்ப ஏறி அப்டேட் ஆனதும் பழைய நிலைக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். இந்த வகைப் போன்களில், சுத்தம் மட்டும் செய்துவிட்டு ரீசெட்டைத் தவிர்ப்பதே மேல் என்பது என் கருத்து. பேட்டரியும் பின்னும் போன போனுக்கு ரீசெட் அடிப்பதால் ஒரு பலனும் கிடையாது.

## வழி 2: பேட்டரி அல்லது பின் மாற்றுவது

ஐந்து வருஷப் போனுக்குக் கொடுக்கும் காசில் அதிகப் பலன் தருவது இதுதான். போனின் மற்ற பாகங்கள் பல ஆண்டு ஓடும். தேய்ந்துகொண்டே வருவது பேட்டரி, நம் ஊர் வெயிலில் இன்னும் சீக்கிரமாக. வேகமும் பேட்டரியோடு சேர்ந்தது என்பதற்கு ஐபோனே சாட்சி. தேய்ந்த பேட்டரி உள்ள பழைய ஐபோன்கள் திடீரென்று அணையாமலிருக்க அவற்றின் வேகத்தைக் குறைத்ததை 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. அமெரிக்காவில் 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றும் கட்டணத்தை 29 டாலராகக் குறைத்தது. போன் கிழடாகிவிட்டது என்று நினைத்தவர்களில் பலருக்குப் பேட்டரி மாற்றியதும் பழைய வேகம் திரும்பியது.

அடுத்த கேள்வி எங்கே மாற்றுவது என்பது.

கம்பெனி சர்வீஸ் சென்டர். சரியான பாகம், பில், பாகத்துக்குச் சில மாத வாரண்டி. பல பிராண்டுகள் உதிரிபாக விலையை மாடல் வாரியாக இணையதளத்திலேயே போட்டிருக்கின்றன, போவதற்கு முன் பார்த்துக்கொள்ளலாம். மறைவான செலவு: பழைய மாடலுக்குப் பாகம் இல்லை என்று திருப்பி அனுப்பலாம், இருந்தாலும் வரவழைக்கச் சில நாள் ஆகலாம், டேட்டாவை அழிக்கச் சம்மதம் என்று கையெழுத்து கேட்கலாம். பக்கத்து ஊரில் சென்டர் என்றால் பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் சேரும். பெரும்பாலும் அவர்கள் போர்டில் இருக்கும் ஒரு ஐசியை (சின்னச் சில்லு) மட்டும் மாற்றித் தரமாட்டார்கள், முழுப் போர்டையே மாற்றச் சொல்வார்கள்.

பக்கத்துக் கடை. அரை மணியில், நம் கண்ணெதிரே முடியும். போர்டில் ஷார்ட் என்றாலும் தேடிப் பிடித்துச் சரிசெய்யும் கைதேர்ந்தவர்கள் சின்ன ஊர்களில்கூட இருக்கிறார்கள். அம்மாவின் போனை அப்படி ஒருவரிடம்தான் கொடுத்தேன். ஹீட்டர் தட்டில் போனைக் கொஞ்ச நேரம் வைத்தார், ஓரத்தில் கிட்டார் பிக் போன்ற பிளாஸ்டிக் துண்டைச் செருகி மெல்ல இழுத்துக்கொண்டே போனார், மூடி வந்துவிட்டது. "அண்ணா, லேசா உப்பியிருக்கு பாருங்க" என்று விரலால் தொடாமல் சுட்டிக் காட்டினார். தட்டையாக இருக்க வேண்டிய பேட்டரி, நடுவில் சின்னத் தலையணை மாதிரி இருந்தது. வெளியிலிருந்து எனக்கு அது தெரியவே இல்லை.

இங்கே மறைவான செலவு பாகத்தின் தரம். 'ஒரிஜினல்' என்ற ஒரே சொல்லுக்குக் கடையில் மூன்று நான்கு விலை இருக்கும். அதைவிடப் பலர் கவனிக்காத ஒன்று, பேட்டரி பயன்படுத்தாமல் அலமாரியில் கிடந்தாலும் வயதாகும். உற்பத்தி நின்றுபோன மாடலுக்கு, சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவிலேயே தேடினாலும் கிடைப்பது நான்கு வருஷம் முன்பு செய்ததாக இருக்கலாம். ஒட்டும் முன் பேட்டரியின் மேல் அச்சிட்டிருக்கும் தயாரிப்புத் தேதியைக் காட்டச் சொல்லுங்கள். தண்ணீர் புகாத போன் என்றால், ஒரு முறை திறந்தபின் அந்தப் பாதுகாப்பை மறந்துவிடுங்கள்.

லாக் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு வருவது நல்லதில்லை, முக்கியமாகப் பெண்பிள்ளைகளின் போன் என்றால். பேட்டரி மாற்ற லாக் நம்பர் தேவையே இல்லை. போனைக் கட்டாயம் விட்டுவர வேண்டும் என்றால் புதிய சாம்சங் போன்களில் மெயின்டெனன்ஸ் மோட், கூகுள் பிக்சலில் ரிப்பேர் மோட் என்று இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் நம் போட்டோ, மெசேஜ் எதையும் பார்க்க முடியாது, சோதனை மட்டும் செய்யலாம்.

என் தேர்வு: வாரண்டி இருந்தால், அல்லது மாடல் மூன்று வருஷத்துக்குள் வந்தது என்றால் கம்பெனி. அதற்கு மேல் என்றால் தெரிந்த கடை, கூடவே நின்று பார்ப்பது.

## டிஸ்பிளேயும் போர்டும்: தனியாக ஒரு வார்த்தை

இவை இரண்டும் விலை எகிறும் இடம். கடையில் 'காம்போ' என்பது கண்ணாடி, டச், டிஸ்பிளே மூன்றும் சேர்ந்தது. அமோலெட் திரை இருந்த போனுக்கு விலை குறைவாக எல்சிடி காம்போ போட்டுத் தருவார்கள். நிறம் மங்கும், பேட்டரி சீக்கிரம் இறங்கும். திரைக்குள் கைரேகை பார்க்கும் போன் என்றால் அந்த வசதியே போய்விடும், ஏனென்றால் அந்த வகை சென்சார் ஒளியைத் திரை வழியாகத்தான் பார்க்கிறது, எல்சிடியின் பின்விளக்குத் தட்டு அதை மறைத்துவிடும். இந்த வித்தியாசத்தை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

காம்போ விலை, அதே போன் இன்று செகண்ட் ஹேண்டில் போகும் விலையில் பாதியைத் தாண்டினால் நான் போடமாட்டேன். போர்டு வேலை என்றால் டேட்டாவை மீட்பதற்காக மட்டும் செலவு செய்யலாம்.

படம் தெரிகிறது, டச் மட்டும் போச்சு என்றால் ஓடிஜி கனெக்டரில் (போனில் யுஎஸ்பி சாதனங்களை இணைக்க உதவும் சின்ன அடாப்டர்) கம்ப்யூட்டர் மவுஸைச் செருகுங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் திரையில் அம்புக்குறி வரும், அதை வைத்து பேக்கப் எடுத்துவிடலாம்.

## வழி 3: செகண்ட் ஹேண்ட், ரீஃபர்பிஷ்டு (பழுது பார்த்து மறுபடி விற்பது)

பத்தாயிரத்துக்குள் புதுப் போன் வாங்குவதற்குப் பதில் அதே காசில் பழைய உயர்ரகப் போன் எடுக்கலாமே என்று தோன்றும். கேமரா, திரை, வேகம் எல்லாம் நிஜமாகவே நன்றாக இருக்கும்.

பார்க்க வேண்டியது அப்டேட் கெடு. அது நாம் வாங்கிய நாளிலிருந்து ஓடுவதில்லை, மாடல் வெளிவந்த நாளிலிருந்து ஓடுகிறது. 2021 ஜனவரியில் வந்த கேலக்ஸி எஸ்21-க்குச் சொன்னது ஐந்து ஆண்டுப் பாதுகாப்பு அப்டேட். அதை இப்போது வாங்குகிறவருக்கு அந்தக் கெடுவில் ஒன்றும் மிச்சமில்லை. 2023-இல் வந்த பிக்சல் 8-க்கும் 2024-இல் வந்த கேலக்ஸி எஸ்24-க்கும் சொன்னது ஏழு ஆண்டு. இப்படிப்பட்டவை என்றால் செகண்ட் ஹேண்டிலும் நல்ல ஆயுள் கிடைக்கும்.

அந்தப் போனின் பேட்டரியும் பழசுதான். வாங்கும் விலையோடு பேட்டரி விலையையும் இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். 9,000-க்கு வாங்கி 1,500-க்கு பேட்டரி போட்டு 24 மாதம் ஓட்டினால் மாதம் 437 ரூபாய். மேலே போட்ட புதுப் போன் கணக்கைவிட அது அதிகம்.

கைமாறும் முன் *#06# போட்டு ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) பார்த்து, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபாருங்கள். திருட்டுப் போன் என்று முடக்கியது அதில் தெரிந்துவிடும். பழைய பில்லைக் கேளுங்கள். விற்பவரின் கூகுள் அல்லது ஆப்பிள் அக்கவுண்டை உங்கள் கண்ணெதிரே நீக்கச் சொல்லுங்கள். முழு வெள்ளைப் படம் ஒன்றைத் திறந்து திரையில் கோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

இது விஷயம் தெரிந்தவருக்கு ஏற்ற வழி. அம்மா, அப்பாவுக்கு வாங்கித் தர நான் சொல்லமாட்டேன்.

## வழி 4: புதுப் போன்

போர்டு போனது, ஆண்ட்ராய்டு 9 அல்லது அதற்குக் கீழே இருப்பது, 4ஜி இல்லாதது, பேங்க் ஆப் ஓட மறுப்பது: இந்த நான்கில் ஒன்று என்றால் யோசிக்காமல் புதுசுக்குப் போங்கள். பாதுகாப்பு அப்டேட் நின்று பல வருஷம் ஆன போனில் சம்பளக் கணக்கையும் யுபிஐயையும் வைத்திருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன்.

விலைப் பலகையில் இல்லாத செலவுகள் இதிலும் உண்டு. உறை, டெம்பர் கிளாஸ், சில பிராண்டுகளில் சார்ஜர்கூடத் தனி. இஎம்ஐ என்றால் ப்ராசஸிங் கட்டணம். குறைந்த விலைப் போன்களில் முன்பே ஏற்றி வரும் ஆப்களும் விளம்பரமும். '8 ஜிபி ரேம்' என்று பெரிதாகப் போட்டுக் கீழே 4+4 என்றிருந்தால், நிஜ ரேம் 4தான். மற்ற 4 ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கியது, அதன் வேகம் ரேமுக்குப் பக்கத்தில்கூட வராது. ரேமைவிட அப்டேட் எத்தனை வருஷம் என்று கேட்டு வாங்குங்கள். 2024-இல் வந்த கேலக்ஸி ஏ16 மாதிரி பட்ஜெட் போனுக்கே ஆறு ஆண்டு சொல்லியிருக்கிறார்கள். இரண்டு ஆண்டுதான் என்று சொல்லும் போன் விலையில் ஆயிரம் குறைந்தாலும் மாதக் கணக்கில் தோற்கும்.

பெரியவர்களுக்கு இன்னொரு செலவும் இருக்கிறது, பழகுவது. கால் எடுக்கும் பட்டன் இடம் மாறினாலே திணறுவார்கள். பழைய போனில் ஐகான்கள் இருந்த அதே வரிசையில் புதியதிலும் அடுக்கிக் கொடுங்கள், எழுத்து அளவையும் பழையபடியே வையுங்கள். அதற்கு ஒரு மத்தியானம் ஒதுக்கத்தான் வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | சுத்தம், ரீசெட் | பேட்டரி, பின் | செகண்ட் ஹேண்ட் | புதுசு |
|---|---|---|---|---|
| கைச்செலவு | இல்லை | சில நூறு முதல் 2,000 வரை, மாடலைப் பொறுத்து | பேட்டரி விலையும் சேர்த்துப் பார்க்கவும் | உறை, கண்ணாடி, சார்ஜர் சேர்த்துப் பார்க்கவும் |
| போன் கையில் இல்லாத நேரம் | அரை நாள் | கடையில் அரை மணி, கம்பெனியில் சில நாள் | இல்லை | இல்லை |
| டேட்டா ஆபத்து | ரீசெட்டில் அதிகம் | கடையில் குறைவு, கம்பெனியில் அழிக்கக் கேட்கலாம் | மாற்றும்போது கவனம் | மாற்றும்போது கவனம் |
| தாங்கும் காலம் | சில வாரம் முதல் சில மாதம் | ஒன்றரை, இரண்டு வருஷம் | மாடலின் அப்டேட் கெடு வரை | மூன்று வருஷத்துக்கு மேல் |
| பெரிய மறைசெலவு | மறந்துபோன பாஸ்வேர்டு | பழைய ஸ்டாக் பேட்டரி | முடியப்போகும் அப்டேட், திருட்டுப் போன் | இஎம்ஐ, பழகும் நேரம் |
| எப்போது சிறந்தது | விளம்பர ஆப், நிறைந்த ஸ்டோரேஜ் | சாஃப்ட்வேர் நன்றாக, சார்ஜ் மட்டும் மோசம் | விஷயம் தெரிந்தவர், சமீபத்திய உயர்ரக மாடல் | பேங்க் வேலை, கைவிடப்பட்ட வெர்ஷன், போர்டு கோளாறு |

## அம்மாவின் போனுக்கு என்ன செய்தோம்

வாட்ஸ்அப்பைச் சுத்தம் செய்ததும் 11 ஜிபி காலியானது. பேட்டரிக்கு 950 ரூபாய். தயாரிப்புத் தேதி போன வருஷத்தது என்று பார்த்துவிட்டே ஒட்டச் சொன்னேன். ரீசெட் அடிக்கவில்லை. பாதுகாப்பு அப்டேட் 2022-லேயே நின்றுவிட்டதால் பேங்க் ஆப்பை மட்டும் அதிலிருந்து எடுத்துத் தம்பியின் பழைய போனில் வைத்தோம், அது இன்னும் அப்டேட் வாங்கிக்கொண்டிருக்கிறது. யுபிஐக்கு அந்தப் பேங்க் நம்பர் உள்ள சிம் அதே போனில் இருக்க வேண்டும் என்பதால் அம்மாவின் இரண்டாவது சிம்மும் அதோடு போனது. இப்போது ராத்திரி சார்ஜ் போட்டால் மறுநாள் ராத்திரி வரை நிற்கிறது.

கழற்றிய பேட்டரியைக் கடைக்காரர் குப்பைக் கூடையில் போடப் போனார். வேண்டாம் என்று சொன்னேன். உப்பிய பேட்டரி குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும், அதைக் கையால் அள்ளுகிற துப்புரவுப் பணியாளர்தான் முதலில் அடிபடுவார். 2022-இன் பேட்டரிக் கழிவு விதிகளின்படி பயன்படுத்திய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிப்பது தயாரிப்பாளர்களின் பொறுப்பு. முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மணல் போட்ட தகர டப்பாவில் வைத்து, கும்பகோணத்திலிருந்து திரும்பும் வழியில் தஞ்சாவூரில் அந்தப் போன் பிராண்டின் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிட்டு வந்தேன்.